வீசி எறியப் பிறந்த எஞ்சின்

வன்னி வானம் – வரலாற்றுத் தொடர் – பகுதி 5

சென்ற வாரம் 1942 ஏப்ரல் 9இல் நிறுத்தியிருந்தோம். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா ஓடுபாதை குண்டுபட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கடலில் மூழ்கியது. அந்த யுத்தத்துக்காகத்தான் வவுனியாவிலும் பிரிட்டிஷ் விமானப்படை ஓடுபாதை அமைத்தது. அன்று வன்னி மக்கள் அண்ணாந்து பார்த்த விமானங்கள் எல்லாம் காற்றாடி சுழன்று பறந்தவை.

இந்தத் தொடரை நாம் தொடங்கிய இடம் முள்ளிவாய்க்கால். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மணல் துண்டில் 2009 மே வரை பங்கருக்குள் இருந்தவர்கள், வானத்தைப் பார்க்காமலே விமானத்தைச் சொல்வார்கள். விட்டுவிடாமல் ரீங்கரித்தால் அது வண்டு, ஆளில்லா வேவு விமானம். கிபிர் என்ற போர் விமானம் அப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. அதன் இரைச்சல் காதில் விழும்போது அது தலைக்கு மேல் வந்துவிட்டிருக்கும்.

அந்த இரைச்சல் ஜெட் எஞ்சினுடையது. காற்றாடி விமானங்கள் பறந்த தீவின் வானத்துக்கு ஜெட் எப்போது வந்தது? எதற்காக வந்தது? முதன்முதலில் யார்மீது குண்டு போட்டது?

விடை கிபிரில் இல்லை. கிபிருக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஒரு சின்ன எஞ்சினில் இருக்கிறது.

★

கொவென்ட்ரியில் ஒரு விசித்திரமான கோரிக்கை

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டனும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்து, தென் அவுஸ்திரேலியாவின் வூமெரா பாலைநிலத்தில் பெரியதொரு ஆயுதச் சோதனைக் களத்தைத் திறந்தன. விமானங்களைத் துரத்தி அடிக்கும் ஏவுகணைகளை அங்கே சோதிக்க வேண்டும். துரத்துவதற்கு ஒரு விமானம் வேண்டுமே? அதுவும் ஜெட் வேகத்தில் பறக்க வேண்டும். ஆனால் அதற்குள் மனிதனை உட்கார வைக்க முடியாது.

அப்படித்தான் ஜின்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானம் உருவானது. அதற்குச் சக்கரங்களே இல்லை. ஒரு தள்ளுவண்டியின் மேலிருந்து கிளம்பும். இறங்கும்போது வயிற்றடியில் உள்ள சறுக்குக் கட்டையால் மண்ணில் உரசி நிற்கும். முதல் விமானம் வேறோர் எஞ்சினோடு 1952 ஓகஸ்டில் பறந்தது.

இதற்கு எஞ்சின் செய்யும் பொறுப்பு இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரிலிருந்த ஆம்ஸ்ட்றோங் சிட்லி நிறுவனத்திடம் வந்தது. கோரிக்கை விசித்திரமானது. எஞ்சின் மலிவாக இருக்க வேண்டும், சிறிதாக இருக்க வேண்டும், நீண்ட நாள் உழைக்கத் தேவையில்லை. இலக்கு விமானம் எப்படியும் ஒருநாள் ஏவுகணை பட்டு விழப்போகிறது. அதோடு விழப்போகும் எஞ்சினுக்கு நீண்ட ஆயுள் எதற்கு?

பத்து மணி நேர அளவில் ஓடினால் போதும் என்ற கணக்கில் வேலை தொடங்கியது.

★

சிறிதாக்குவது ஏன் கடினம்?

டர்போஜெட் எஞ்சினின் வேலைமுறையைச் சொல்லிவிடுவது எளிது. முன்வாயால் காற்றை இழுக்கும். அடுக்கடுக்கான சுழல் தகடுகள் அந்தக் காற்றை அமுக்கும். அமுங்கிய காற்றில் எண்ணெயைத் தெளித்து எரிக்கும். சூடேறிப் பாயும் வாயு, வெளியேறும் வழியில் ஒரு சுழலியைச் சுற்றும். அந்தச் சுழலிதான் முன்னாலுள்ள தகடுகளையும் அச்சு வழியே சுற்றுகிறது. மிஞ்சிய வாயு பின்வாயால் பீறிட, விமானம் முன்னே போகும்.

இதையே அளவு குறைத்துச் செய்யும்போது சிக்கல்கள் கூடும். தகட்டின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி விட்டேயாக வேண்டும். பெரிய எஞ்சினில் அந்த இடைவெளியால் நழுவும் காற்று பொருட்டல்ல. தகடு சிறிதானால் நழுவும் காற்றின் பங்கு கூடிவிடும், வலு குறையும். அடுத்தது சுழற்சி. தகட்டு நுனி அதே வேகத்தில் போக வேண்டுமென்றால் சிறிய சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 13,000 சுற்றுகளுக்கும் மேல். அந்த வேகத்தில் அச்சைத் தாங்கும் பெயரிங்குகளுக்குத்தான் முதல் ஆபத்து.

ஆம்ஸ்ட்றோங் சிட்லியிடம் ஏற்கெனவே சபையர் என்ற பெரிய ஜெட் எஞ்சின் இருந்தது. அதன் தகடுகளில் கற்ற பாடத்தைச் சிறிய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு அடுக்குத் தகடுகள், வளைய வடிவில் ஓர் எரிகூடம், ஒரேயொரு சுழலிச் சக்கரம். சுமார் இரண்டடி விட்டம், கால் தொன் அளவில் எடை. அவ்வளவுதான் எஞ்சின்.

மலிவுக்கு எங்கே வழி கண்டார்கள் தெரியுமா? எண்ணெய் ஏற்பாட்டில். சாதாரண எஞ்சினில் பெயரிங்குக்கு விட்ட மசகெண்ணெயைத் திரும்பச் சேர்த்து, ஆறவைத்து, வடித்து, மீண்டும் அனுப்ப வேண்டும். அதற்குப் பம்பு, குழாய், தொட்டி எல்லாம் தேவை. இந்த எஞ்சினில் அவை இல்லை. அளந்து விட்ட எண்ணெய் ஒருமுறை பெயரிங்கை நனைத்துவிட்டுப் புகையோடு வெளியே போய்விடும்.

1951இல் அது முதன்முறையாக ஓடியது. வைப்பர் என்று பெயரிட்டார்கள். 1953இல் வைப்பர் பூட்டிய ஜின்டிவிக் பறந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இலங்கைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருந்திராது.

★

ஆயுள் நீட்டிப்பு

திருப்பம் லூட்டனில் நடந்தது. அங்கிருந்த ஹண்டிங் பேர்சிவல் நிறுவனம் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் புரோவோஸ்ட் என்ற காற்றாடிப் பயிற்சி விமானத்தைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. விமானப்படையிலோ போர் விமானங்கள் எல்லாம் ஜெட்டாக மாறிவிட்டன. காற்றாடி விமானத்தில் பழகிய மாணவனை நேரே ஜெட்டில் ஏற்றுவது ஆபத்து. முதல் நாளிலிருந்தே ஜெட்டில் பழக்கினால் என்ன?

அதற்குச் சின்ன ஜெட் விமானம் வேண்டும். சின்ன விமானத்துக்குச் சின்ன எஞ்சின் வேண்டும். கையில் இருந்தது வைப்பர்.

வீசி எறியும் எஞ்சினை மனித உயிரை நம்பி ஒப்படைக்கும் எஞ்சினாக மாற்ற வேண்டும். எண்ணெய் திரும்பிச் சுற்றும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். குறுகிய ஆயுளுக்கென்று செய்த பாகங்களை எடுத்துவிட்டு, உழைக்கும் பாகங்களைப் போட்டார்கள். அடிப்படை வடிவம் மாறவில்லை. மாறாதது நல்லதாகவே போயிற்று: முதலில் மலிவுக்காகக் குறைத்த பாகங்கள், பின்னர் பழுதுபார்ப்பதை எளிதாக்கின.

1954 ஜூன் 26 அன்று ஜெட் புரோவோஸ்ட் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் சிறிய விமானம். அடுத்த ஆண்டே காற்றாடி விமானத்தைத் தொட்டறியாத மாணவர்கள் அதில் தனியே பறந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அதை ஏற்றுக்கொண்டது.

வைப்பர் உலகெங்கும் போயிற்று. இத்தாலியின் எம்.பி.326, யூகோஸ்லாவியாவின் கலேப், இந்தியாவில் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் வி. எம். காட்கே குழு வடிவமைத்து 1964இல் பறந்த கிரண் என்று எல்லாமே வைப்பரைப் பூட்டிக்கொண்ட பயிற்சி விமானங்கள்தான். ஒரு தலைமுறை விமானிகள் இந்த எஞ்சினின் சத்தத்தில்தான் பறக்கப் பழகினார்கள்.

ஆனால் பிரிட்டிஷ் வியாபாரிகள் இன்னொன்றையும் கவனித்தார்கள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்கு விமானப்படை வேண்டும். பெரிய போர் விமானம் வாங்கப் பணமில்லை. பயிற்சி விமானத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி, இறக்கைக்கடியில் ரொக்கெட்டும் சிறிய குண்டும் மாட்டினால் ஒரே விலையில் இரண்டு விமானம்.

இந்த ஆயுத வகைக்கு டி.51 என்று பெயர். வாங்கிய நாடுகள் மூன்று. சூடான், குவைத், இலங்கை.

★

பன்னிரண்டு விமானங்கள்

றோயல் சிலோன் விமானப்படைக்கு 1959இல் எட்டு வயது. 1951இல் தொடங்கியது. 1957இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசு கட்டுநாயக்க விமானத்தளத்தையும் திருகோணமலைத் தளங்களையும் பிரிட்டனிடமிருந்து திரும்பப் பெற்றது. பாதுகாத்த படை போய்விட்டது. இனி வானத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 1959இல்தான் 12 ஜெட் புரோவோஸ்ட் டி.51 விமானங்களை இலங்கை வாங்கியது. தீவின் முதல் ஜெட் படை அதுதான். ஒவ்வொரு எஞ்சினும் 1,750 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 800 கிலோ உந்துவிசை தந்தது. பிற்காலக் கிபிரின் எஞ்சின் எட்டுத் தொன்னுக்கு மேல் தரும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது பத்தில் ஒரு பங்கு.

அந்த விமானங்களை வாங்கியபோது யாரைச் சுடுவதற்கென்று வாங்கினார்கள்? எந்த அயல்நாட்டோடும் இலங்கைக்குப் போர் இருக்கவில்லை. விமானிகளைப் பழக்குவதும் சுதந்திர தின அணிவகுப்பில் பறப்பதும்தான் பெரும்பாலும் அவற்றின் வேலை.

பிறகு 1962 ஜனவரி வந்தது. இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு முளையிலேயே பிடிபட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசுக்குப் படைகள்மீது இருந்த நம்பிக்கை தளர்ந்தது. படைச் செலவும் சுருங்கியது. ஜெட் விமானம் பணம் தின்னும் பொருள். எழுபதாம் ஆண்டளவில் ஜெட் புரோவோஸ்டுகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டு, சீனன்குடாவில் களஞ்சியத்தில் கிடந்தன.

பயிற்சி விமானமாக வந்தவை பயிற்சி விமானமாகவே துருப்பிடித்துப் போயிருக்கும்.

1971 ஏப்ரல் 5 இரவு வராமல் இருந்திருந்தால்.

★

ஏப்ரல்

அன்றிரவு தெற்கிலும் மத்தியிலும் டசின்கணக்கான பொலிஸ் நிலையங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த சிங்கள இளைஞர்கள், யுவதிகள். பலர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள். அவர்கள் கையில் வேட்டைத் துப்பாக்கியும் வீட்டில் செய்த கைக்குண்டும். தலைவர் ரோகண விஜேவீர அப்போது யாழ்ப்பாணத்தில் சிறையிலிருந்தார். அவரை மீட்கும் முயற்சி தோற்றது. ஆனால் தெற்கில் பல ஊர்கள் கிளர்ச்சியாளர் கைக்குள் போய்விட்டன.

அரசு திகைத்தது. இராணுவம் சிறியது. தோட்டா போதவில்லை. வீதிகளில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா என்று ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்த நாடுகளிடமெல்லாம் ஒரே வாரத்தில் உதவி கேட்டார் பிரதமர் சிறிமாவோ. எல்லோரும் உதவினார்கள்.

உதவி வந்து சேரும்வரை என்ன செய்வது?

அப்போதுதான் சீனன்குடாக் களஞ்சியம் நினைவுக்கு வந்தது.

கடலோரக் காற்றில் நின்ற ஜெட் எஞ்சினை மீண்டும் ஓட வைப்பது சின்ன வேலையல்ல. உப்புக்காற்று தகடுகளை அரித்திருக்கலாம். இறப்பர் அடைப்புகள் காய்ந்து வெடித்திருக்கலாம். எண்ணெய்க் குழாயில் கசடு தங்கியிருக்கலாம். சிக்கலான எஞ்சினாக இருந்தால் மாதக்கணக்கில் ஆகும். உதிரிப்பாகத்துக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். வைப்பர் அப்படிப்பட்டதல்ல. ஒரு சுழலி, ஓர் எரிகூடம், ஏழு அடுக்கு. வீசி எறிய வடிவமைத்த எளிமை இங்கே கைகொடுத்தது.

சில நாட்களுக்குள் ஜெட் புரோவோஸ்டுகள் கிளம்பின. சீனன்குடாவிலிருந்து பறந்துபோய்க் கிளர்ச்சியாளர் நிலைகள்மீது குண்டு போட்டன.

இந்த இடத்தில் நிதானித்துப் பார்க்க வேண்டும். இலங்கை அரசு தன் சொந்தக் குடிமக்கள்மீது ஜெட் விமானத்திலிருந்து குண்டு வீசிய முதல் சந்தர்ப்பம் இது. வீசப்பட்டது வடக்கில் அல்ல. இறந்தவர்கள் தமிழர் அல்லர். பயன்பட்டது மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க வந்த விமானம். எதிரியிடம் விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றுகூட இல்லாததால், மெதுவாகப் பறக்கும் அந்தச் சின்ன ஜெட்டே போதுமாக இருந்தது.

கிளர்ச்சி சில வாரங்களில் அடக்கப்பட்டது. இறந்தவர் தொகை ஆயிரத்துச் சொச்சம் என்றது அரசு. பல ஆயிரம் என்றார்கள் மற்றவர்கள். 1972இல் அமைக்கப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழு கிளர்ச்சியாளர்களை விசாரித்துத் தண்டித்தது. வானத்திலிருந்து என்ன வீசப்பட்டது, அது சரியா என்று விசாரிக்கும் வேலை அந்த ஆணைக்குழுவிடம் கொடுக்கப்படவில்லை.

★

இலங்கை மட்டுமல்ல

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜெட் புரோவோஸ்டை இன்னும் வலுவாக்கி, பெரிய வைப்பர் பூட்டி, 1967இல் ஸ்ட்றைக்மாஸ்டர் என்ற தாக்குதல் விமானத்தைப் பிரிட்டன் செய்தது. 1972 ஜூலையில் ஓமானின் மிர்பாத் நகரைக் கிளர்ச்சியாளர்கள் சூழ்ந்தபோது சண்டையின் போக்கை மாற்றியவை அந்த விமானங்கள்தான். தென்னாபிரிக்கா இத்தாலிய எம்.பி.326ஐ இம்பாலா என்ற பெயரில் கட்டியது. யூகோஸ்லாவியா கலேப்பிலிருந்து யஸ்ட்றெப் என்ற தாக்குதல் விமானத்தை எடுத்தது.

எங்கும் ஒரே வழித்தடம். முதலில் பயிற்சி. பிறகு இறக்கைக்கடியில் குண்டு. பிறகு உள்நாட்டிலேயே ஓர் எதிரி.

விமானத்தின் விலை மலிந்தபோது அதைப் பயன்படுத்தும் தயக்கமும் குறைந்தது. பெரிய போர் விமானத்தை வாங்குவதற்கு முன்னர் ஒரு நாடு பலமுறை யோசிக்கும். பாராளுமன்றத்தில் கேள்வி வரும். பயிற்சி விமானத்துக்கு அந்தக் கேள்வி வராது. கேள்வி வரும் நாளில் அது ஏற்கெனவே ஓடுபாதையில் நிற்கும்.

★

சோவியத் பெட்டிகளில் பிரிட்டிஷ் வேர்

1971 ஏப்ரல் முடிவதற்குள் சோவியத் சரக்கு விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கின. உள்ளே ஐந்து மிக்-17 போர் விமானங்கள், ஒரு மிக்-15 பயிற்சி விமானம். ஜெட் புரோவோஸ்டோடு ஒப்பிடவே முடியாத வேகம், பீரங்கி வலு.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1946இல் பிரிட்டனின் அட்லி அரசு, றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் நீன் எஞ்சின்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்க அனுமதித்தது. சோவியத் பொறியியலாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, பிரதி எடுத்து, மேம்படுத்தினார்கள். மிக்-17 இன் வி.கே.1 எஞ்சின் அந்த வழியில் வந்ததுதான். கொழும்பு மேற்கிடம் வாங்கினாலும் கிழக்கிடம் வாங்கினாலும் எஞ்சினின் வேர் இங்கிலாந்திலேயே இருந்தது.

அந்த மிக்குகளும் நீண்ட நாள் பறக்கவில்லை. கிளர்ச்சி முடிந்தது. எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணி வற்றியது. 1972இல் குடியரசான நாட்டின் விமானப்படை உல்லாசப் பயணிகளை ஹெலிகொப்டரில் ஏற்றிச் சம்பாதிக்கும் நிலைக்கு இறங்கியது. ஜெட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றுவிட்டன.

1983 ஜூலைக்குப் பின் வடக்கில் போர் மூண்டபோது இலங்கை விமானப்படையிடம் தாக்குதல் ஜெட் ஒன்றுகூட இருக்கவில்லை.

ஆனால் 1971இல் எடுத்த முடிவு மட்டும் கழற்றி வைக்கப்படவில்லை. சொந்த மக்களின் ஊர்மீது வானத்திலிருந்து குண்டு போடலாம் என்பதை அரசு ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. இனித் தேவைப்பட்டது விமானம் மட்டுமே.

1985இல் இத்தாலியிலிருந்து காற்றாடி பூட்டிய சியாமாச்செட்டி வந்தது. 1991இல் சீனாவிலிருந்து எஃப்-7 வந்தபோது வடக்கு மக்கள் அதற்குச் சுப்பர்சொனிக் என்று பெயர் வைத்தார்கள். 1996இல் இஸ்ரேலிலிருந்து கிபிர். அதே ஆண்டுகளில் வன்னிக்கு மண்ணெண்ணெய் போகத் தடை இருந்தது. மேலே பறந்த ஜெட்டில் எரிந்ததும் அதே மண்ணெண்ணெய் வகைதான். 1999 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பு மந்துவிலிலும், 2006 ஓகஸ்டில் வள்ளிபுனம் செஞ்சோலையிலும், பின்னர் முள்ளிவாய்க்காலிலும் என்ன நடந்தது என்பதை இந்தத் தொடர் ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

அதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். 1983இல் ஜெட் இல்லாத படை 1991இல் ஜெட்டோடு நிற்கிறது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கொழும்பு எந்தெந்தக் கதவுகளைத் தட்டியது? 1971இல் ஒரே வாரத்தில் உதவ ஓடிவந்த நாடுகளில் யார் இம்முறை முகம் திருப்பினார்கள், சீனா ஏன் திருப்பவில்லை?

அடுத்த வாரம் பார்ப்போம்.